ரசிகர் நீங்கலாக

1988-இல் லிவர்பூலை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பை வாங்கிய விம்பிள்டன் அணிக்குப் பின்னாளில் சொந்த மைதானமில்லை. கையில் நஷ்டக் கணக்கு. முதலாளிகள் தெற்கு லண்டனை விட்டு 90 கிலோமீட்டர் தள்ளி, மில்டன் கீன்ஸில் வீடு பார்த்தார்கள். 2002-இல், இதை முடிவுசெய்ய அமைந்த மூவர் குழுவில் இருவர் தலையாட்டினர். ரசிகர்கள் புதிதாக அணி தொடங்குவது கால்பந்தின் நலனுக்கு உகந்ததல்ல என்று உபதேசம் வேறு!

மறு ஆண்டே மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். ரசிகர்களை ஏற்றிக்கொள்ள மட்டும் மறந்துவிட்டது.

உபதேசத்தைக் கேட்காதவர்கள் பொதுத்திடலில் ஆள் பொறுக்கி அணி தொடங்கினார்கள். 2011-இல் தொழில்முறை லீகுக்கே வந்து சேர்ந்தார்கள். 2018-இல் குடிபெயர்ந்த அணி மூன்றாம் பிரிவிலிருந்து கீழே விழுந்தது. இவர்கள் அங்கேயே நின்றார்கள். 1988 பெருமையெல்லாம்? அதைக் குடிபெயர்ந்தவர்கள் 2007-இலேயே பழைய ஊரின் மெர்டன் நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். புது ஊரில் அதற்கு அலமாரி இல்லை போலும்.