கல்வெட்டு மட்டும் ஒழுகாது

வாலே பேராண்டி, உக்காரு. ஊர்ப் பள்ளிக்கூடத்தைச் சரி பண்ணப் போறேன்னு வாட்சப்புல குழு ஆரம்பிச்சிருக்கியாம்லா. குழுவுக்குப் பேரு வச்சாச்சாம். முத்திரை வரைஞ்சாச்சாம். முதுகுல 'முன்னாள் மாணவர்'னு எழுதி ஆளுக்கொரு மஞ்சச் சட்டை தைக்கக் குடுத்தாச்சாம். நல்ல காரியம். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில ஏறிப் பாத்தியா?

ஏறியிருக்க மாட்டே. யாருதான் ஏறுதாக? கீழ நின்னாத்தான் படத்துல முகம் நல்லா விழும்.

மேல என்ன இருக்குன்னு நான் சொல்லுதேன். வேப்பஞ்சருகு இருக்கு. அது தண்ணி வடியுற குழாய் வாயை அடைச்சுக்கிட்டு இருக்கு. ஐப்பசியில பெய்யிற மழை போக வழியில்லாம அங்கனயே கெடக்கும். கெடந்த தண்ணி தட்டோட்டு இடுக்குல இறங்கும். இறங்கிக் கம்பியைத் தொடும். துரு ஏறுன கம்பி வீங்கும்லே. வீங்கினா காரையைக் கீழ தள்ளும். ஒருநா மத்தியானம் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை 'அ' எழுதிக்கிட்டு இருக்கையில பக்கத்துல பொத்துனு விழும். கைப்பிடிச் சுவர்ல அரசங்கன்னு ஒண்ணும் முளைச்சிருக்கு. அதைச் சாமி மரம்னு கும்பிட ஆளு உண்டு, பிடுங்க ஆளு இல்ல.

அந்தக் காலத்து ஓட்டுக் கட்டடம் இதுக்குத் தேவலை. குரங்கு ஒரு ஓட்டைத் தள்ளிட்டா உள்ள வெளிச்சம் விழும். பிள்ளையே அண்ணாந்து பாத்துச் சொல்லிரும். கோடை லீவுல நாலு ஓட்டை மாத்தி, கறையான் தின்ன ரீப்பரை மாத்தினா அடுத்த வருசத்துக்குக் கவலையில்ல. காங்கிரீட்டு அப்படி இல்ல, பொல்லாதது. உள்ளுக்குள்ளயே அரிச்சு, வெளியில வெள்ளையடிச்ச முகத்தோட நிக்கும்.

சருகை அள்ள எத்தனை கோடி வேணும்? ஒரு ஏணி, ஒரு வெளக்குமாறு, ஒரு ஆளுக்கு அரைநாள் கூலி. ஆனா வெளக்குமாத்துக்கு எவன் கல்வெட்டு வைப்பான்? சூட்சுமம் அங்கதான் இருக்கு.

சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போயிப் பாரு. வாசல்ல வளைவு நிக்கும், இன்னார் நினைவா இன்னார் உபயம்னு. உள்ள கலையரங்கம் இருக்கும், தொகுதி நிதியில கட்டுனது. நெத்தி முழுக்கப் பேரு. வருசத்துல ஒருநா ஆண்டுவிழா, மத்த நாள்ல ஆடு படுத்திருக்கும். அதுக்குப் பின்னாடிதான் பொம்பளப் பிள்ளைக கக்கூஸ். கதவு இருக்கும், தாப்பா இருக்காது. தாப்பா இருந்தா தண்ணி இருக்காது. தொட்டி இருந்தா மோட்டார் எரிஞ்சிருக்கும். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. தாப்பா என்ன விலைன்னு இரும்புக்கடையில கேளு. விலை பெரிசில்ல. 'இன்னார் உபயம்'னு எழுத அதுல இடம் பத்தாது, அதான் சங்கடம்.

பணமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். 2022ல பேராசிரியர் அன்பழகன் பேருல ஒரு திட்டம் அறிவிச்சாக. அஞ்சு வருசத்துல 7,000 கோடி, 18,000 வகுப்பறை. அதே வருசம் டிசம்பர்ல 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'ன்னு இன்னொண்ணு வந்துச்சு, கம்பெனிக்காரகளும் வெளிநாட்டுல இருக்கவுகளும் பணம் போடலாம்னு. 'நமக்கு நாமே' அதுக்கெல்லாம் மூத்தது. ஊரு மூணுல ஒரு பங்கு போட்டா மிச்ச ரெண்டு பங்கை அரசாங்கம் போடும். நடுவுல ஆட்சி மாறுச்சு, அது 'தன்னிறைவுத் திட்டம்' ஆச்சு. மறுபடி ஆட்சி மாறுச்சு, பழைய பேரு திரும்ப வந்துச்சு. பேரு மாத்துறதுல நம்மளை அடிச்சுக்க ஆளு உண்டாலே?

இது போக, வருசா வருசம் பள்ளிக்கூடத்துக்குன்னே ஒரு மானியம் உண்டு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துல. பிள்ளைக 30க்குள்ள இருந்தா 10,000 ரூவா. 100 வரைக்கும் இருந்தா 25,000. நம்ம பள்ளிக்கூடத்துல பிள்ளைக இருபத்திச் சொச்சம். அப்போ நமக்குப் பத்தாயிரம். மாசத்துக்குப் பிரிச்சா 833 ரூவா. அதுக்குள்ள சாக்பீசு, பதிவேடு, பினாயில், சன்னல் கொக்கி, கசியிற குழாய் எல்லாம் அடங்கணும். பத்துல ஒரு பங்கைச் சுத்தத்துக்குன்னு ஒதுக்கணும்னு விதி வேற. உன் கையில இருக்க செல்லுக்கு மாசத் தவணை எவ்வளவு கட்டுதே? வேண்டாம், சொல்லாதே. வாத்தியாரம்மா காதுல விழுந்தா அழுதுருவாக.

அந்த மானியம் வார திட்டத்துக்கான தில்லிப் பணமும் 2024-25ல சண்டையில மாட்டிக்கிட்டு. பிஎம் ஸ்ரீங்கிற பள்ளித் திட்டத்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுன்னு தில்லி நின்னுச்சு. போட்டா உங்க புதுக் கல்விக் கொள்கையையும் ஏத்துக்கணும், அது எனக்கு வேண்டாம்னு சென்னை நின்னுச்சு. 2,152 கோடி நின்னு போச்சு. யாரு பக்கம் நியாயம்னு பேச டீக்கடையில ஆளு இருக்கு, நான் எதுக்கு? வாய்க்கா மடையில ரெண்டு பெரிய மனுசங்க நின்னு மல்லுக்கட்டினா காயிறது கடைமடைக்காரன் வயலு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

சரி, நம்ம பள்ளிக்கூடம் யாருதுன்னு தெரியுமா உனக்கு? தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துது. வாத்தியாரம்மா கல்வித் துறை ஆளு. ஒழுகுதுன்னு அவுக எழுதினா, அது வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போகும். அங்கேருந்து பிடிஓ ஆபீசு. அங்கேருந்து ஓவர்சியர் வந்து அளக்கணும், எஸ்டிமேட் போடணும். அதுக்குள்ள தை பிறந்துரும். ஓவர்சியர் வந்து அண்ணாந்து பாப்பாரு. 'எங்கம்மா ஒழுகுது?'ம்பாரு. தை மாசத்துல எங்க ஒழுகும்?

சிரிச்சது போதும். இதுக்குச் சிரிக்காதே. 2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில ஒரு உதவிபெறும் பள்ளிக்கூடத்துல கழிப்பறைச் சுவர் இடிஞ்சு விழுந்து மூணு பையங்க செத்துப் போனாக. அதுக்கப்புறம் மாநிலம் பூராவும் பழைய கட்டடத்தைக் கணக்கெடுத்து இடிச்சாக. இடிச்சது சரிதான். இடிக்க வந்த ஜேசிபி மறுநாளே வந்துச்சு, கட்ட வேண்டிய கொத்தனாருதான் பல ஊருக்கு வரக் காணோம். பிள்ளைக கோயில் மண்டபத்துலயும் மரத்தடியிலயும் உக்காந்து படிச்சாக. இடிச்சதுல சில கட்டடமாவது, ஒருத்தன் காலத்துல மாடி ஏறி அரசங்கன்னைப் பிடுங்கியிருந்தா இன்னைக்கும் நின்னிருக்கும். என் புத்திக்கு அப்படித்தான் படுது.

ஊரே கூடிச் செய்யலாம்னு நீதான் முதல்ல கண்டுபிடிச்சதா நினைச்சுக்காதே. 1958ல திருவள்ளூர் பக்கம் கடம்பத்தூர்ல பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஒண்ணு நடந்துச்சு. காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் என்ன இல்லைன்னு முதல்ல பட்டியல் எடுத்தாக. அப்புறந்தான் ஊருகிட்டக் கையேந்துனாக. பெஞ்சு குடுத்தவன் இருந்தான், கரும்பலகை குடுத்தவன் இருந்தான், சுண்ணாம்பு வாங்கி அடிச்சுக் குடுத்தவனும் இருந்தான். அங்க ஆரம்பிச்சு ஊரூராப் பரவுச்சு.

நீங்க என்ன செய்யுதீக? முதல்ல பணத்தைப் பிரிக்கீக. அப்புறம் என்ன வாங்கலாம்னு செல்லுல ஓட்டுப் போடுதீக. ஜெயிச்சது ஸ்மார்ட் போர்டாம்லா! கும்பி கூழுக்கு அழுதுச்சாம், கொண்டை பூவுக்கு அழுதுச்சாம். ஒழுகுற அறையில அதை மாட்டினா மழைக்குச் சாக்குப் போட்டுப் போத்தணும். பிள்ளைக்குப் போத்த இன்னொரு சாக்கு வச்சிருக்கியா?

அப்போ உனக்கு என்னதான் வேணும் கிழவான்னு முறைக்கே. வாத்தியாரம்மா மேசையில பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நோட்டு ஒண்ணு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவுல முக்கால்வாசி பெத்தவுகதான். பாதிப் பேரு பொம்பளைக. 2024ல திரும்பக் குழு போட்டப்போ முன்னாள் மாணவங்களையும் சேத்தாக. உன்கூடப் படிச்ச பய எவனாவது அதுல இருப்பான், அவனையே கேளு. தாப்பா, மோட்டார், மாடிக்குத் தட்டோடு. மூணும் அந்த நோட்டுல கெடக்கு. உங்க குழு பிறக்கிறதுக்கு முன்னாடியே அந்தத் தாய்மாரு எழுதி வச்சது. உங்கள்ல ஒருத்தனும் அதைப் புரட்டல.

பணத்தை ஒரே வருசத்துல கொட்டித் தீத்துராதே. புதுக் கட்டடம் கட்டுறது அரசாங்கத்துக் கடமை. அதை நாம கட்டிக் குடுத்துட்டு, அவுகளை மாலை போட்டு வழியனுப்பி வச்சிராதே. நம்ம காசு வருசா வருசம் சருகள்ளட்டும், குழாய் மாத்தட்டும், மோட்டாருக்கு வைண்டிங் பண்ணட்டும். இந்தக் காசு படத்துல விழாது, கல்வெட்டும் கெடைக்காது. அதுக்குச் சம்மதம்னா நானும் என் முதியோர் பென்சன்ல இருந்து கொஞ்சம் தாரேன்.

ஏணி எங்க தொழுவத்துல சாத்தியிருக்கு, எடுத்துக்கோ. ஏறும்போது கூட ஒருத்தனைக் கீழ நிறுத்து. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு உன் குழு மொத்தமும் வரணும். மிட்டாயை வாங்கினதும் எந்திரிச்சிராதீக. பள்ளிக்கூடத்து மாடி பழுதுன்னு தீர்மானம் எழுத வையி, அதுக்கு நகல் வாங்கு. நகலை வச்சு பிடிஓ ஆபீசுல மனு குடு, ஒப்புகை ரசீது கேளு. நாளைக்கு வான்னு சொல்வாக, நகராதே. ரசீதுல முத்திரையும் தேதியும் இருக்கான்னு பாத்து வாங்கிட்டு வா.