இப்ப வரும் பாருங்க

நம்ம ஆல்பக்காரருக்கு வெளியீட்டு ஆண்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 1959இல் வந்த இசைத்தட்டாக இருந்தாலும், அவர் நேற்று ராத்திரி கேட்டாரென்றால் நேற்று ராத்திரிதான் அது வெளியானது. காலை நடையில் பிடித்துக்கொள்வார். “தம்பி, மைல்ஸ் டேவிஸ்னு ஒருத்தன். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ன்னு ஒண்ணு போட்டிருக்கான் பாருங்க...” என்னவோ மைல்ஸ் டேவிஸ் பக்கத்துத் தெருப் பையன், இவர் நாலு பேரிடம் சொல்லித்தான் அவன் முன்னுக்கு வர வேண்டும் என்பதுபோல.

ஜாஸ், கஸல், மெட்டல் என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. எதைக் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் பத்துக்கு இத்தனை என்று மார்க் வரும். எட்டரைக்குக் கீழே யாரும் வாங்கியதாக நினைவில்லை. இதையெல்லாம் மன்னித்துவிடலாம். மன்னிக்கவே முடியாதது அந்த ஆள்காட்டி விரல்.

வீட்டுக்குக் கூப்பிடுவார். “ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல உட்காருங்க, அப்பத்தான் ஸ்டீரியோ தெரியும்” என்று சோபாவில் இடம் பார்த்து உட்கார்த்துவார். விளக்கை அணைப்பார். இசை தொடங்கும். மெல்ல மெல்ல நமக்கு உள்ளே இறங்கும். சரியாக அந்த நேரம் பார்த்து விரல் எழும்பும்.

“இப்ப வரும் பாருங்க.”

வருகிறது. வரும்போது அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

“வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“எது வந்துச்சு?”

நாம் திருதிருவென்று முழிப்போம். “விட்டுட்டீங்க தம்பி” என்று முப்பது விநாடி பின்னால் தள்ளுவார். மறுபடியும் விரல், மறுபடியும் பேச்சு.

கீத் ஜாரெட்டின் ‘த கோல்ன் கான்சர்ட்’ அப்படித்தான் போனது. 1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கோல்ன் நகர ஓபரா அரங்கு. கேட்ட பியானோ வரவில்லை; வந்தது சின்னது, சுருதி சரியில்லாதது. வாசிக்க மாட்டேன் என்றவர், கடைசியில் உட்கார்ந்து, அந்த இடத்திலேயே கற்பனையில் எடுத்து வாசித்தார். அருமையான கதைதான். அதை ஆல்பம் தொடங்குவதற்கு முன்னால் சொல்லக் கூடாதா? முதல் பாகம் 26 நிமிடம். கதை அதைவிட நீளம். வாசிக்கும்போதே முனகுவது ஜாரெட்டின் வழக்கமாம். அந்த முனகல்கூட என் காதில் விழவில்லை.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986இல் வந்தது. அதில் மேற்கத்திய இசைமேதை பாக் தன் வீட்டுக்கு வந்ததாக ஒரு இசைத் துண்டுக்கு ராஜா பெயர் வைத்திருக்கிறார். வி. எஸ். நரசிம்மனின் வயலின் எழும்பியது. “இதோ பாக் வர்றார், இதோ பாக் வர்றார்” என்று இவர் வாசலைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். பாக் வந்து, உட்கார்ந்து, கிளம்பியும் போய்விட்டார்.

மெட்டல் என்றால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். தில்லிக்காரர்களான ப்ளடிவுட்டின் ‘ரக்ஷக்’கில் டோலும் கிட்டாரும் போட்டு இடிக்கும்போது யார் பேசினால் யாருக்குக் கேட்கும்? வால்யூமைக் குறைத்துவிட்டுப் பேசினார்.

உச்சம் ஆண்ட்ரே 3000. அவுட்காஸ்ட் குழுவில் ராப் பாடிப் பேர் வாங்கியவர், 2023இல் ‘நியூ ப்ளூ சன்’ என்று ஒரு ஆல்பம் கொண்டுவந்தார். ஒரு வரி ராப் இல்லை. புல்லாங்குழல் வகைகளை வைத்துக்கொண்டு 87 நிமிடம் ஊதியிருக்கிறார். பேச்சே தொழிலாக இருந்த மனிதர் வாயைத் திறக்காமல் முடித்த ஆல்பத்துக்கு, வார்த்தைகள் முழுவதையும் நம்மவரே வழங்கினார்.

பாவம்தான். அவர் ஸ்பீக்கரை ஆன் செய்ததும் அவருடைய வீட்டம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவார், அடைமழை நாளிலும். ராத்திரி ஹெட்போனில் ஒன்று கேட்டு மனசு நிறைந்துவிட்டால், விடியும்வரை அதை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் என்னதான் செய்வார்? மாலி நாட்டு அலி ஃபர்கா தூரே ரை கூடருடன் சேர்ந்து வாசித்த ‘டாக்கிங் டிம்பக்டு’ அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பைசா வாங்காமல் இவ்வளவு நல்ல இசையைத் தேடிக் கொடுக்கிறவர் வேறு யார் இருக்கிறார்கள்?

அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியாது. சார், அடுத்தவன் கேட்கும்போது பேசக் கூடாது. அவன் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பார்த்தால், ரசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதிலேயே அவன் கவனம் போய்விடும். நல்ல இடம் திடீரென்று வந்தால்தான் நல்ல இடம். நீங்கள் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் அது ரயில்வே ஸ்டேஷன். போன வாரம் ஃபேரோ சாண்டர்ஸ் வாசித்த ‘ப்ராமிசஸ்’ வைத்தீர்கள். சாக்ஸபோன் இழைந்து இழைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அடங்குகிற ஆல்பம் அது. அந்த அமைதியில் நீங்கள் மார்க் சொன்னீர்கள். ஒன்பது.

பெயரைச் சொல்லுங்கள், லிங்க் அனுப்புங்கள், கதையைக் காபியோடு முடித்துவிடுங்கள். பிறகு ஆல்பம் முடியும்வரை விரலை மடக்கி வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். எந்த இடம் பிடித்தது என்று நானே சொல்கிறேன். அது நீங்கள் காட்டுகிற இடமாக இருக்காது. அதற்குக் கோபித்துக்கொள்ளவும் கூடாது.