எண்ணிக் காதலிப்பவர்கள்

கேள்வி: காதல் பொங்கி வரும்போது சீரையும் எதுகையையும் யாராவது எண்ணிக்கொண்டிருப்பார்களா? இலக்கணம் உணர்ச்சியைக் கொன்றுவிடாதா?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: குறுந்தொகை 40-ஆம் பாட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஐந்தே அடி. முதல் மூன்றில் கல்யாணப் பத்திரிகைபோல் சோடி சோடியாக ஆட்கள்: என் தாய், உன் தாய், என் தந்தை, உன் தந்தை, கடைசியில் நான், நீ. ஒவ்வொருவர் வாலிலும் ஓர் ‘உம்’. ஆக, ஆறு ‘உம்’.

வேடிக்கை என்னவென்றால், அம்மாக்கள் இருவருக்கும் எதுகை பொருந்துகிறது, அப்பாக்களுக்கும் பொருந்துகிறது. ‘நான், நீ’ வந்ததும் எதுகையைக் காணோம்! முன்பின் தெரியாத சம்பந்திகளுக்கு இருக்கும் பொருத்தம் காதலர்களுக்கு இல்லை. (புலவர் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்று அடுத்த வாரம் எழுதிக் கேட்காதீர்கள்.)

நான்காம் அடியில் செம்மண்ணில் மழை விழுகிறது. மற்ற அடிகளுக்கு நாலு சீர், இதற்கு மட்டும் மூன்று. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி அப்படித்தான் வரவேண்டும் என்பது விதி. காதலனுக்கு மூச்சு முட்ட வேண்டிய இடத்தில் இலக்கணமே ஒரு சீரைக் குறைத்துக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு ‘உம்’ என்ற பேச்சே இல்லை. நெஞ்சங்கள் கலந்த பிறகு நடுவில் அதற்கென்ன வேலை?

புலவரின் இயற்பெயர் தொலைந்துபோய், உவமையை வைத்தே அவரைச் செம்புலப்பெயல்நீரார் என்கிறோம். உங்கள் பேச்சைக் கேட்டு எண்ணாமல் எழுதியிருந்தால் அந்தப் பெயரும் மிஞ்சியிருக்காது.