உப்பு நிழலும் ஒரு பைரியும்

வா தம்பி, இப்படிக் கயித்துக் கட்டில்ல உக்காரு. கோடியக்கரைக் கொசு இனிமே உன்னைக் கடிக்காது. அந்த ஒரு படத்தை எடுத்துப் பெரிய மனுசன் ஆயிட்டியே!

மூணு நாளா கேமராவும் கையுமா பூநாரை, பூநாரைன்னு சதுப்புல அலைஞ்சே. உடம்பு பூரா பச்சை இலை அச்சடிச்ச சட்டை வேற. ஏன் தம்பி, வெள்ளை வெளேர்னு கிடக்குற உப்பளத்துல இலை எங்கே இருக்கு? 'புதர் ஒண்ணு தனியா நடந்து வருதே'ன்னு பூநாரை தள்ளித் தள்ளிப் போயிருக்கும். நான் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உப்பு வாரப் போறேன். தலையைக் கவுத்து மேயுறது நிமிந்துகூடப் பாக்காது. 1967ல இங்கே சரணாலயம்னு ஆக்கினாங்க. அதுக்கு முந்தியே எங்க மூஞ்சி அதுங்களுக்குப் பழக்கம்.

நாலாம் நாள் காலையில வெயில் பொறுக்காம என் உப்பு அம்பாரத்து நிழல்ல ஒதுங்கினே. அங்கே பாரு விசயத்தை. கொண்டல் காத்தும் முதுகுல, வெயிலும் முதுகுல. பறவை எதிர்காத்துலதான் எழும்பும். எழும்பினா உன் மூஞ்சிக்கு நேராத்தான் வரணும். இதை முதல் நாளே சொன்னேன். நீ செல்போனைத் தடவி காத்து எந்தப் பக்கம்னு தேடிக்கிட்டிருந்தே.

எதிர்ப் பாத்தியில கொசு உள்ளான் கூட்டம். ஒண்ணு 25 கிராம் தேறுமா? அம்மாம் சின்ன உசுரு, வடகோடிப் பனிக்காட்டுல குஞ்சு பொரிச்சிட்டு இம்புட்டுத் தூரம் பறந்து வருது. நீ இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறே. மேலேருந்து விழுந்துச்சு பைரி! பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போகும்னு நீதானே கதை சொன்னே? உள்ளான் அத்தனையும் ஒரே பந்தாச் சுருண்டு உன் பக்கம் திரும்புச்சு. நீ பதறினே, இட்லி சேத்துல, விரல் பித்தான்ல. கேமரா தடதடன்னு தானா அடிச்சுது. காக்கா உக்காரப் பனம்பழம் விழும்பாங்க. இங்கே பைரி விழ இட்லி விழுந்துச்சு.

பைரி வெறுங்காலோட போயிருச்சு. இரை புடிச்சது நீதான்.

இப்ப ஒரு யோசனை சொல்றேன், கேட்டுக்க. யாராவது எப்படி எடுத்தேன்னு கேட்டா, உடனே பதில் சொல்லாதே. கடலைப் பாத்து ஒரு பெருமூச்சு விடு. 'காத்தைப் படிக்கணும், பொறுமை வேணும்'னு மெதுவா இழு. அந்தப் பச்சைச் சட்டையையும் மாட்டிக்க, நம்புவாங்க. சேத்துல போன இட்லிப் பேச்சை மட்டும் எடுக்காதே. அது நமக்குள்ள இருக்கட்டும். நான் ஒரு நாலு பேருகிட்டதான் சொல்லியிருக்கேன்.

அப்புறம், படத்துல கீழ் மூலையில கறுப்பா கோணலா ஒரு நிழல் விழுந்திருக்கு பாரு. அழகு கெடுதுன்னு வெட்டிப்புடாதே. அது என் உப்பு.