எவர்சில்வர் பம்பர்

எழுபதுகளின் கடைசியில் திருச்செந்தூர் டாக்சி ஸ்டாண்டில் நின்ற அம்பாசடர்களில் கம்பெனி பம்பரை அதிகம் பார்க்க முடியாது. என் மாமாவின் வண்டியிலும் இல்லை. அவர் சொல்வார்: "ஏலே, கம்பெனி சாமான் கடக்கரைக்குத் தாங்காதுலே."

காரணம் உண்டு. அந்த பம்பர், நிக்கலும் குரோமியமும் முலாம் பூசிய இரும்பு. பூச்சில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போதும், மன்னார் வளைகுடாவின் உப்பீரம் உள்ளே புகுந்து இரும்பைத் தின்னும்; மேலே முலாம் செதில் செதிலாக உரியும். அதனால் திருநெல்வேலிப் பட்டறையில் எவர்சில்வர் பைப்பை வளைத்து, இரட்டை வரிசையாகப் பற்றவைத்து, நடுவில் வேல் வடிவத்தில் தகடு வெட்டிப் பொருத்தினார்கள். மார்க் 3 மாடல் அம்பாசடருக்கு முந்தைய மார்க் 2-இன் கட்டம் போட்ட கிரில்லை மாட்டியவர்களும் உண்டு. கழற்றிய பம்பர் எடைக்குப் போனது.

ஒரே கார் ஊருக்கு ஊர் முகம் மாறுவது உலகம் முழுக்க நடந்ததுதான். அமெரிக்காவில் 1973 மாடல் முதல், மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தாலும் விளக்கு போன்றவை சேதமாகக் கூடாது என்று விதி வந்தது. மெர்சிடிஸ் அங்கே போகும் கார்களுக்கு மட்டும் நீண்டு துருத்திய பம்பர் வைத்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு ஓடிய ஹெரால்டு காருக்கு, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி நான்கு கதவு வைத்தது. அவற்றையெல்லாம் பழைய கார் பிரியர்கள் மதித்துப் பாதுகாக்கிறார்கள். அங்கே முகத்தை மாற்றியது சட்டமும் கம்பெனியும். எங்கள் ஊரில் மாற்றியது கடல்.

உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. இப்போது பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள் கம்பெனி பம்பரைத் தேடி அலைகிறார்கள். அன்று எடைக்குப் போட்டதற்கு இன்று தேட்டம். அன்று ஆசையாகக் காசு கொடுத்துச் செய்த எவர்சில்வர் இன்று எடைக்குப் போகிறது. இதுதான் எனக்கு மனசு பொறுக்கவில்லை. 'ஒரிஜினல் இல்லை' என்று ஒதுக்குகிறார்கள். அந்தப் பட்டறைக்காரரின் கைவேலை வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

சாலையில் ஓட்டும் காரில் அந்தப் பைப் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இத்தகைய முன்கம்பிகள் மோதலின் அதிர்ச்சியை நேராக வண்டியின் சட்டகத்துக்கும், குறுக்கே வரும் மனிதனின் உடம்புக்கும் கடத்துகின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இவற்றின்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது நியாயமே. கழற்றுங்கள். ஆனால் கழற்றும் முன் வண்டியோடு சேர்த்து நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எந்த ஊர், எந்தப் பட்டறை என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பம்பரை எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.