கூட்டத் தலைவர்

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவராவது இப்படி இருப்பார். அலுவலகத்தில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் அதே நிலவரம். மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, ஐந்து வயது லாப்ரடார் சீசர். அதுவும் வருகிறவர்கள் மேலெல்லாம் பாயும். கூரியர் பையன் பார்சலை லிஃப்ட் வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவிடுவான்.

ஒருநாள் யூடியூபில் அவருக்கு ஞானம் பிறந்தது. நாய் என்றால் ஓநாய். வீடு என்றால் ஓநாய்க் கூட்டம். கூட்டத்துக்கு ஒரே தலைவன், அவன்தான் ஆல்ஃபா. அன்றுமுதல் வாசற்படியை நாய்க்கு முன்னால் தாண்டுகிறார். அதற்குச் சாப்பாடு வைக்குமுன், அது பார்க்கத் தானொரு பிஸ்கட் தின்கிறார். அது சோபாவில் ஏறினால் அடித்தொண்டையில் உறுமுகிறார். சீசர் கொட்டாவி விடுகிறது. திமிர் என்று கொதிக்கிறார். மிரண்டாலும் நாய் கொட்டாவி விடும் என்று அந்த வீடியோவில் சொல்லவில்லை.

"உறுமினது நாயா, நீயாடா?" என்று உள்ளிருந்து அம்மா கேட்கிறார்.

"நான்தாம்மா இந்த வீட்டுக்கு ஆல்ஃபா."

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

இந்த ஆல்ஃபா கதை, 1947-ல் விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைத் தன் 1970-ஆம் ஆண்டு நூலில் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச்சே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று 1999-ல் எழுதிவிட்டார். தகவல் நம் தலைவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அம்மாவுக்கு ஓநாய் தெரியாது, சீசரைத் தெரியும். நாலு காலும் தரையில் இருந்தால் ஒரு விள்ளல் இட்லி. பாய்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆரம்பத்தில் பாய்ச்சல் கூடத்தான் செய்தது. இதுவரை பலித்த வேலை திடீரென்று பலிக்காவிட்டால் நாய் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அம்மா அசையவில்லை. இப்போது சீசர் அவர் எதிரே தானாக உட்காருகிறது.

சாயங்காலம் தலைவர் வருகிறார். சீசர் நெஞ்சுமேல் பாய்கிறது. "என் தங்கமே!" என்று கட்டிக்கொள்கிறார். மறுநாள் விருந்தாளிமேல் பாய்ந்தால் அதே தங்கத்துக்குத் திட்டு. எப்போதாவது பலன் தரும் பழக்கத்தை விடுவது கடினம் என்பதால், சீசரும் முயற்சியைக் கைவிடுவதில்லை.

வளர்ந்த நாய் தாராளமாகக் கற்றுக்கொள்ளும், வயது தடையில்லை. வீட்டிலிருப்பவர் எல்லோருக்கும் ஒரே சட்டம் இருந்தால் போதும். ஆகவே, நாயைப் பழக்க நினைப்பவர்கள் முதலில் வீட்டுத் தலைவரைப் பிடித்து உட்காரவையுங்கள். இட்லி கொடுத்தாவது.