சப் பெட்டியின் முதுகெழுத்து: கிராஸ்ஓவர் குமிழ் குறித்து ஓர் ஆராய்ச்சி

இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட மூலபாடம் கல்யாண மண்டபங்களில், மேடைக்குக் கீழே, கம்பளம் முடியும் இடத்தில் காணக் கிடைக்கிறது. நிறம் கறுப்பு. உயரம் முழங்காலுக்குச் சற்று மேல். முன்பக்கம் இரும்பு வலை. ஊரார் இதனைப் 'பேஸ் பாக்ஸ்' என்றும், தொழிலில் உள்ளோர் 'சப்' என்றும் வழங்குவர். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே பொருத்தப்பட்டு வருவது 'பவர்டு சப்' எனப்படும். எழுத்துகள் யாவும் இதன் முதுகில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதுகோ எந்நேரமும் மேடைச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போகும் இடத்தில், ஒருவரும் படிக்காத கல்வெட்டு இது ஒன்றுதான்.

குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்துப் படித்தால் பாடம் ஓரளவு தெளிவாகவே உள்ளது. பாடபேதங்கள் உண்டு. சில பிரதிகளில் 80, 100, 120 என மூன்று நிலைச் சுவிட்ச். வேறு சிலவற்றில் சுற்றும் குமிழ். இதன் பக்கத்தில் 'கெயின்' என்றொரு குமிழ். இன்னும் சற்றுத் தள்ளி 0, 180 என்று எழுதிய ஒரு சிறு பொத்தான். இவற்றின்மேல் ஒட்டப்பட்ட டேப் துண்டில் பேனாவால் போட்ட அம்புக்குறியும் 'தொடாதே' என்ற சொல்லும் பிற்கால இடைச்செருகல் என்பது எழுத்தமைதியால் விளங்கும். அம்புக்குறி எந்த எண்ணைக் காட்டுகிறது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை, டேப் நகர்ந்துவிட்டது.

மூலபாடத்தின் பொருள் வருமாறு. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இதில் அடிமட்டத்து ஒன்றிரண்டு ஸ்தாயிகள் மட்டும் சப்புக்கு. மேலே உள்ளவை கம்பத்தில் நிற்கும் 'டாப்' பெட்டிக்கு. இரண்டு நாடுகளுக்கும் எல்லை வகுப்பது கிராஸ்ஓவர். குமிழில் உள்ள எண் அந்த எல்லைக்கல். இது வரை சர்ச்சை இல்லை.

எல்லைக்கல்லை எங்கே நடுவது என்பதில் மூன்று சமயங்கள் உள. எண்பதியர் எனப்படுவோர் திரையரங்க வழி வந்தவர். டாம்லின்சன் ஹோல்மன் வகுத்த டிஎச்எக்ஸ் முறை 80 ஹெர்ட்ஸை எல்லையாகக் கொண்டது. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கத் திணறும். ஆகவே பெட்டி எங்கிருந்தாலும் தெரியாது என்பது இவர்தம் வாதம். நூற்றிருபதியர் ஏழைகள். அவர்களிடம் உள்ள டாப் 8 அங்குலமோ 10 அங்குலமோதான். அதை 80 வரை இறங்கச் சொன்னால் இருமும். நூறர் என்போர் இரு தரப்பையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். மண்டபங்களில் இவர்களே பெரும்பான்மையினர். பெரும்பான்மைக்குக் காரணம் கொள்கையா, சுவிட்ச் நடுவில் நிற்பதா என்பது தனியே ஆராயத்தக்கது.

நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு. எல்லையே இல்லை என்பார்கள். சப்பின் பின்னால் உள்ள வெளிவாயிலிருந்து ஒரு கேபிளை எடுத்து டாப்புக்குச் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்பது இவர் துணிபு. சில பெட்டிகளின் வெளிவாய் கீழ்ச்சுரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மேலே அனுப்பும். வேறு சில வந்ததை வந்தபடி அனுப்பிவைக்கும். இரண்டாம் வகையானால், சப் செய்யும் வேலையை டாப்பும் சேர்ந்து செய்யும். திணை மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த எல்லை. எல்லைக்கல்லை ஒட்டிய சிறு பகுதியில் இரு பெட்டிகளும் கலந்து பாடலாம். டாப் தன் நிலத்தை விட்டு 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கி வந்து சப்பின் வயலில் உழுவது இலக்கணப் பிழை. அங்கே அது உழவும் முடியாமல், மேலே பாடவும் முடியாமல், சிவப்பு விளக்கைக் காட்டி நிற்கும்.

இனி, எண்களுக்குச் சங்கீத சாட்சியம் தேடுவோம். ரிசப்ஷனில் வாய்ப்பாட்டுக் கச்சேரி வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. 1 கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அங்கிருந்து சங்கராபரணத்தில் மந்திர ஸ்தாயிக்கு இறங்கினால் நிஷாதம் 123, தைவதம் 110, பஞ்சமம் 98. கிராஸ்ஓவர் 120-இல் இருந்து, அவருடைய மைக்கும் சப்புக்குப் போகிறது என்று கொள்வோம். ஷட்ஜத்தின் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்து வரும். நிஷாதத்தை இரண்டு பெட்டிகளும் பங்கிட்டுக்கொள்ளும். பஞ்சமத்தின் அடிநாதம் பெரும்பாலும் தரையிலிருந்து கிளம்பும். குரலின் ஹார்மானிக்ஸ் டாப்பிலேயே தங்கிவிடுவதால், பாடகரின் வயிறு மட்டும் கழன்று ஐயர் ஹோமம் வளர்க்கும் பக்கம் உருண்டு போனது போன்ற ஓர் உணர்ச்சி உண்டாகும். ரசிகர்கள் இதனைக் 'குரல் கனம்' என்று பாராட்டியதும் உண்டு. 80-இல் வைத்தால் இந்த விபத்து அநேகமாக இல்லை.

5 கட்டையில் பாடும் பெண் பாடகிக்கு ஷட்ஜம் 196, மந்திர பஞ்சமம் 147. மூன்று சமயங்களில் எதற்கும் அவர் அகப்படமாட்டார். நாகசுரத்துக்கோ சப்பிடம் பேச்சுவார்த்தையே கிடையாது. தவில், மிருதங்கம் இரண்டின் தொப்பிப் பக்கம் மட்டும் அங்கே போய் வரும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அது சப்பிலேயே குடியிருப்பது.

எல்லைக்கல் என்றோம், உண்மையில் அது கல் அன்று, சரிவு. 1930-இல் ஸ்டீபன் பட்டர்வொர்த் வகுத்த வடிகட்டி முறையில், எல்லை எண்ணில் இரு பெட்டிகளும் 3 டெசிபல் மட்டுமே குறைகின்றன. ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் இறங்கும் சரிவில் இரண்டும் ஒரே தாளத்தில் சேர்ந்தால் அந்த இடத்தில் 3 டெசிபல் மேடு எழும்பும். 1976-இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்துப் பொறியாளர்கள் இருவர், சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி, ஆளுக்கு 6 டெசிபல் குறையும்படி செய்து மேட்டைச் சமன் செய்தனர். பகைவர் இருவர் வாய்க்காலுக்கு ஆளுக்கு ஓர் அடி விட்டுக்கொடுத்ததற்குச் சமமான இந்த ஏற்பாடு இன்றும் உலகம் முழுக்க நடப்பில் உள்ளது. 100-இல் வைத்தால் 200 ஹெர்ட்ஸில் சப்பின் ஒலியழுத்தம் 17-இல் ஒரு பங்காகிவிடும். அந்த ஒரு பங்கு இருக்கத்தான் செய்யும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில் ஒலிக்க வேண்டும். ஒரு தமிழ்க் கல்யாணத்தில் இந்த நிபந்தனை எப்போதாவது நிறைவேறியிருக்குமானால் அது மின்தடை நேரத்தில்தான் இருக்கும். ஏனெனில் தாய்மாமன் என்றொருவர் இருக்கிறார்.

"தம்பி, பேஸ் பத்தல."

"ஏத்திடலாம் மாமா."

தம்பி மிக்சரில் ஏற்றமாட்டார். அங்கே ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு, கண்ணால் பாராமலே, கெயின் குமிழைத் திருப்புவார். இவ்வாராய்ச்சியின் முடிபு இந்தக் கைக்குள் இருக்கிறது: கிராஸ்ஓவரை நிர்ணயிப்பது கிராஸ்ஓவர் குமிழ் அன்று, அதற்குப் பக்கத்தில் உள்ள கெயின் குமிழே.

நிறுவுவது எளிது. 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி சரிவில், டாப்புக்கும் சப்புக்கும் உள்ள விகிதம் அதிர்வெண்ணின் நான்காம் படியாக மாறுகிறது. சப்பை 12 டெசிபல் ஏற்றினால் அதன் ஒலியழுத்தம் 4 மடங்கு. 4-இன் வர்க்கமூலத்துக்கு மீண்டும் வர்க்கமூலம் எடுத்தால் 1.414. ஆக, முதுகில் 100 என்று எழுதியிருந்தாலும், இரண்டு பெட்டிகளும் சமமாக ஒலிக்கும் இடம் 141 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. 10 டெசிபல் ஏற்றினால் 133. மூன்று சமயத்தாரும் இத்தனை காலம் 80-க்கும் 120-க்கும் போரிட்டுக்கொண்டிருக்க, தாய்மாமன் ஒரே வாக்கியத்தில் எல்லையை மூவருக்கும் அப்பால் கொண்டுபோய் நட்டுவிட்டார். முன்னர்ச் சொன்ன 5 கட்டைப் பாடகியின் மந்திர பஞ்சமத்தை எட்ட இன்னும் 6 ஹெர்ட்ஸ்தான் பாக்கி.

இதற்காக அவரைக் கோபிப்பது முறையன்று. ஆழ்ந்த ஒலிக்குச் செவி மந்தமானது என்பதை பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வரைந்து காட்டிவிட்டனர். அளவு குறையக் குறைய அடிச்சுரம்தான் முதலில் காதை விட்டு நழுவும். மாமா கேட்டது நியாயம். தம்பி தொட்ட இடம்தான் தவறு. கெயினை ஏற்றும்போது கூடவே சப்பின் எண்ணை இறக்க வேண்டும். டாப்பை 100-இல் விட்டு, சப்பை 80-க்கு இறக்கினால், அதே 12 டெசிபல் உபரியோடும் சந்திப்பு 141-லிருந்து 120-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். மாமாவின் நெஞ்சும் அதிரும். வரவேற்புரை சொல்பவர் அண்டாவுக்குள்ளிருந்து பேசுவது போலவும் இராது.

180 பொத்தான் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். 100 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 10 மில்லி விநாடி. இரு பெட்டிகளில் ஒன்று 5 மில்லி விநாடி பிந்தினால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். ஒலி காணாமல் போகும். பொத்தானை அமுக்கினால் சப்பின் தள்ளலும் இழுப்பும் தலைகீழாகி, இரண்டும் மீண்டும் சேர்ந்துகொள்ளும். 5 மில்லி விநாடி என்பது காற்றில் ஏறத்தாழ 1.7 மீட்டர். பெட்டிகளை ஒன்றுக்கொன்று அவ்வளவு முன்பின்னாக வைத்தாலே போதும். வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளானால், பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும், உள்ளே இருக்கும் டிஜிட்டல் செயலி எடுத்துக்கொள்ளும் நேரமே மாறுபடும். பேஸ் போதவில்லை என்று மேலும் இரண்டு பெட்டி வாடகைக்கு எடுக்கப்பட்ட எத்தனையோ இரவுகளில், அமுக்க வேண்டியிருந்தது அந்தச் சிறு பொத்தான் ஒன்றைத்தான்.

மேடைக்கு இருபுறமும் ஒவ்வொரு சப் வைக்கும் மரபு பற்றியும் ஒரு குறிப்பு. இரண்டிலிருந்தும் சம தூரத்தில் உள்ள நடுக்கோட்டில்தான் அடிச்சுரம் முழுவதுமாகச் சேரும்; பக்கத்தே நகர நகர ஒவ்வொரு சுரமாக அறுந்துபோகும். நம் மண்டபங்களில் அந்த நடுக்கோடு பெரும்பாலும் நடைபாதை. வாடகை கொடுத்து வரவழைத்த பேஸில் சிறந்த பகுதியைச் சிவப்புக் கம்பளம் ஒன்றுதான் அனுபவிக்கிறது. இரண்டையும் மேடைக்கு நடுவே ஒட்டி வைத்தால் தீரும். வீடியோக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

பக்கத்து வீட்டாரை விட்டுவிட்டு இவ்வாராய்ச்சியை முடிப்பது அறமாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டுள்ளன. அளக்க வேண்டியது 'ஏ' என்னும் அளவுகோலால். அந்த அளவுகோல் மந்தச் செவியைப் பின்பற்றி அமைந்தது. 50 ஹெர்ட்ஸில் உள்ளதைவிட 30 டெசிபல் குறைத்தே காட்டும். ஆகவே 50 ஹெர்ட்ஸில் 85 டெசிபல் அடிக்கும் சப்பைக் கருவி 55 என்று எழுதிக்கொள்ளும். பகல் வரம்பு சரியாக 55. ஜன்னல் கம்பியும் சமையலறைப் பாத்திரமும் 'ஏ' அளவுகோலைப் படித்ததில்லை. அவை 85-க்கே ஆடும். புகார் கொடுப்பவரும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை என்ற இந்த விசித்திர வழக்கை எந்தக் காவல் நிலையத்தில் தீர்ப்பது என்று தெரியவில்லை. இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதிக்கு மட்டும் ஹெர்ட்ஸ் பேதம் கிடையாது.

அடுத்த முகூர்த்தத்துக்குப் பெட்டி இறக்கும் தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம். டாப்பின் பின்னால், கீழ்ச்சுரத்தைக் கழிக்கும் லோ கட் என்றொரு சுவிட்ச் இருந்தால் அதை 100-இல் போடுங்கள். பாட்டு மைக்கையும் வரவேற்புரை மைக்கையும் சப்புக்குப் போகவிடாமல், மிக்சரிலிருந்து சப்புக்குத் தனி ஆக்ஸ் வெளிவாய் எடுத்து, டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு, தவில் ஆகியவற்றை மட்டும் அதில் அனுப்புங்கள். கூட்டம் வருவதற்கு முன் ஒருவரை ஐந்தாம் வரிசை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு பக்கத்து டாப்பையும் சப்பையும் மட்டும் ஓடவிட்டு, அந்த 180 பொத்தானை அமுக்கியும் விட்டும் காட்டுங்கள். எந்த நிலையில் அவருக்கு அதிகமாகக் கேட்கிறதோ அதிலேயே விடுங்கள். பிறகு டேப்பைப் புதிதாக ஒட்டி, இம்முறை அம்புக்குறியோடு எண்ணையும் எழுதிவையுங்கள்.